இடுப்புக்கு ஒரு தூண்

என் அக்காவின் கணவருக்கு எங்கள் தெருவில் 'கூட ஒண்ணு' என்று பெயர். அவர் காதுபட யாரும் சொல்வதில்லை. சொன்னாலும் பாராட்டு என்றே எடுத்துக்கொள்வார். ஒரு ஆணி போதும் என்ற இடத்தில் கூட ஒன்று அடிப்பார். ஆடாத நாற்காலிக்குக் கூட ஒரு கால் வைத்து ஆட வைத்தவர். நன்றாக இருந்த வாசல் கதவுக்குக் கூட ஒரு தாழ்ப்பாள் போட்டார். இரண்டும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, இப்போது தோளால் முட்டினால்தான் கதவு திறக்கிறது. ஏன் என்று கேட்டால், "பலத்துக்கு இருக்கட்டுமே" என்பார்.

எனக்கு அவரைப் பிடிக்காது என்று நினைக்க வேண்டாம். பிடிக்கும், ஒரு தெரு தள்ளி இருக்கும்வரை. அவர் வாயில் அடிக்கடி வரும் ஒரு வசனம்தான் ஆகாது: "இந்த வீட்டைத் தாங்குறதே நான்தான்." அக்கா தன்பாட்டுக்குத் துணி மடிப்பாள். பற்றிக்கொண்டு வருவது எனக்குத்தான்.

அந்த அக்காவுக்கு இத்தனை வருடம் கழித்து ஒரு வேலை கிடைக்கப் பார்த்தது. வீட்டிலிருந்தபடியே ஒரு பதிப்பகத்துக்குப் புத்தகப் பக்கங்களை வடிவமைத்துத் தர வேண்டும். மாதிரிக்கு ஒரு அத்தியாயம் கொடுத்திருந்தார்கள். திங்கட்கிழமை மாலைக்குள் வராவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வார்கள். முக்கால்வாசி முடித்திருந்தபோது கம்ப்யூட்டரின் மதர்போர்டு, எல்லாப் பாகங்களையும் இணைக்கும் அந்தப் பெரிய பலகை, கருகிப் போனது.

"கடையில குடுத்தா அவங்களே புதுசு மாட்டித் தருவாங்க," என்றாள் அக்கா.

"ஒரு பலகையைப் பெட்டிக்குள்ள வைக்கிறதுக்குக் கடையா? ஊரு சிரிக்கும்," என்றார் அத்தான். ஊர் ஏற்கெனவே சிரித்துக்கொண்டிருப்பதை நான் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை புதுப் பலகையும் புதுப் பெட்டியுமாகக் கூடத்தில் உட்கார்ந்தார். அக்காவைப் பார்க்கப் போன நான் டார்ச் பிடிக்க மாட்டிக்கொண்டேன். பெட்டியின் இரும்புத் தகட்டில் சின்னச் சின்னப் பித்தளைத் தூண்களைத் திருகி, அவற்றின்மேல்தான் பலகையை உட்கார வைக்க வேண்டும். பலகையின் முதுகு இரும்பில் பட்டால் ஷார்ட் ஆகிவிடும். பலகையில் ஆறு ஓட்டை, அதற்கு ஆறு தூண். எந்த அளவுப் பலகைக்கும் பொருந்தட்டும் என்று தகட்டில் நிறையத் துளைகள் விட்டிருந்தார்கள். பையில் தூண்களும் மிச்சம் இருந்தன. மிச்சத்தைப் பார்த்தால் அத்தானின் கை சும்மா இருக்குமா? நடுவில் ஒன்றைத் திருகினார்.

"அந்த இடத்துல பலகையில ஓட்டையே இல்லையே அத்தான்?"

"இடுப்புக்கு ஒண்ணு. நடுவுல தொய்யாம தாங்கும்ல."

பலகையை மேலே மாட்டிச் சுவிட்சைப் போட்டதும் உள்ளே விசிறி அரைச் சுற்றுச் சுற்றிவிட்டு நின்றது. மறுபடி போட்டார், மறுபடி அரைச் சுற்று. "ஏமாத்திட்டான் கடைக்காரன்!" என்று பலகையைக் கழற்றிக்கொண்டு கடைக்கு ஓடினார். கடைக்காரர் அதை ஓர் அட்டைப்பெட்டியின்மேல் வைத்து மின்சாரம் கொடுத்தார். ஜம்மென்று ஓடியது. திரும்பி வந்து, இடுப்புத் தூணை அப்படியே விட்டு, அதே இடத்தில் பலகையை மாட்டினார். அதே அரைச் சுற்று.

"பலகை நல்லாத்தான் இருக்கு. நம்ம வீட்டு கரெண்டுதான் சரியில்ல."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அதே கரெண்டில் ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது.

அக்கா மெல்லக் கேட்டாள்: "என்னங்க, அட்டை மேல வச்சா ஓடுது, இந்தப் பெட்டியில வச்சா ஓடலை. அப்போ பெட்டிக்குள்ளதானே ஏதோ இடிக்குது?"

"உனக்கு இதெல்லாம் புரியாது. நீ உன் வேலையைப் பாரு."

அவள் வேலைதான் அந்தப் பெட்டிக்குள் செத்துக் கிடந்தது.

திங்கட்கிழமை மதியம் நான் மறுபடி அங்கே போனபோது, அத்தான் அலுவலகத்துக்கு மட்டம் போட்டுவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூட்டி வரக் கிளம்பினார். கதவோடு முட்டி மோதி அவர் வெளியேறியதும் அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இது போனா இன்னொண்ணு வராதுடி," என்று அழுதாள். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். "டார்ச்சைப் பிடி."

பலகையைத் தூக்கித் திருப்பினாள். முதுகில், கம்பிமுனைகளுக்கு நடுவே, தூண் அழுத்திய வட்டத் தழும்பு; அங்கேதான் ஷார்ட் ஆகியிருந்தது. அந்தத் தூணைக் கழற்றினாள். பலகையைச் சாய்த்து இறக்கி, பின்பக்கத் தகட்டின் துளைகளில் வயர் செருகும் அதன் வாய்களை நுழைத்து, ஆறு திருகுகளையும் அளவாக இறுக்கினாள். சுவிட்சைப் போட்டாள். விசிறி நிற்கவில்லை. எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. அவளோ நாற்காலியை இழுத்துப் போட்டு வேலையைத் தொடங்கிவிட்டாள்.

எலக்ட்ரீஷியனோடு வந்த அத்தான் ஓடும் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "பாத்தியா, நான் ஆளைக் கூட்டிட்டு வர்றேன்னதும் கரெண்டு சரியாயிடுச்சு!" விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை. எலக்ட்ரீஷியன் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

அத்தியாயம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது, வேலையும் கிடைத்தது. முதல் சம்பளம் வந்த அன்று என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். அத்தான் ஆரம்பித்தார்: "நான் மாட்டின பெட்டிதான் இன்னைக்கு உங்க அக்காவுக்குச் சம்பளம் குடுக்குது. இந்த வீட்டைத் தாங்குறதே..."

அக்கா மேஜை இழுப்பறையைத் திறந்து, அந்தப் பித்தளைத் தூணை எடுத்து அவர் தட்டின் பக்கத்தில் வைத்தாள்.

"தாங்குறீங்க, இல்லேங்கலை. இதுவும் தாங்கிட்டுத்தான் இருந்துச்சு. எடுத்தப்புறம்தான் ஓடுச்சு."

அத்தான் விறுக்கென்று எழுந்து வெளியே போகப் பார்த்தார். கதவு திறக்கவில்லை. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்க, தோளால் முட்டினார்.