ஆற்றங்கரைப் பூங்காவில் என் வீட்டுக்காரர்

ரப்பர் பெக்டரிக் கழிவு தேங்கி நாறிக் கிடந்த ஆற்றங்கரையைச் சுத்தம் செய்து, பூங்காவாக்கியிருக்கிறார்கள். இன்று என் வீட்டுக்காரரை அங்கே இழுத்துக்கொண்டு போனேன்.

பெஞ்சில் உட்காரச் சொன்னால், தள்ளியே நின்றார்.

"என்னங்க, பெஞ்சு கடிக்குமா?"

"வேணாம் புள்ள. பக்கத்துல ஆளுக இருக்காங்க, நம்ம மேலு நாறும்."

இருபது வருடம் அந்தக் கழிவை அள்ளியவர். பஸ்ஸில் இடமிருந்தாலும் வாசலில்தான் நிற்பார். வேலையை விட்டு மூன்று வருடமாகிறது.

"ஆத்தங்கரையே மணக்குது, நீங்க மட்டும் இன்னும் நாறுறீங்களாக்கும்!" என்று சட்டையை முகர்ந்தேன். "சவுக்கார வாசந்தான் வருது."

வெட்கப்பட்டுச் சிரித்தார். பிறகு வந்து, என் தோளோடு தோள் பட உட்கார்ந்தார். வெளியிடத்தில் இப்படி உட்கார்வது இதுதான் முதல் தடவை.

கேட்டைப் பூட்ட வேண்டுமென்று வாட்ச்சர் வந்து நிற்கிறார். இவர் எழும்புவதாக இல்லை. கிளப்புவதற்கு யாருக்காவது வழி தெரிந்தால் எழுதுங்கள். மெதுவாகவே எழுதுங்கள், அவசரமில்லை.