சாந்தி பேசிய இடம்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். சர்ச்சில் சாட்சி சொல்கிறவர்களைக்கூடக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். படத்தொகுப்பு என் வேலை, ஒரு சத்தம் எங்கே தொடங்கி எங்கே நிற்கிறது என்று பார்ப்பதே பிழைப்பு. அதனால் நீங்கள் இதை நம்பாவிட்டால் கோபப்பட மாட்டேன்.

எங்கள் டைரக்டரின் கடைசிப் படம் ஆம்பூர்ப் பக்கத்துத் தோல் தொழிற்சாலை ஒன்றைப் பற்றியது. அங்கே கழிவுத் தொட்டியில் இறங்கிச் செத்துப்போனவரின் மனைவி சாந்தி, தன் வேடத்தைத் தானே நடித்திருந்தார். முதலாளி வீட்டு வாசலில் நின்று அவர் பேசுவதுதான் படத்தின் உயிர். தணிக்கைக் குழு அந்தப் பேச்சு முழுவதையும் எடுக்கச் சொன்னது.

"அத எடுத்துட்டா படமே வேணாம் சார்லஸ்" என்று என்னிடம் சொல்லிவிட்டு டைரக்டர் மேல்முறையீட்டுக்கு அலைந்தார். அலைச்சலிலேயே மாரடைப்பு வந்து போய்விட்டார். பிறகு தயாரிப்பாளர் என்னிடம் வந்தார், நானும் மறுபேச்சில்லாமல் அந்தப் பேச்சை ஊமையாக்கிக் கொடுத்தேன். திரையில் சாந்தியின் உதடு மட்டும் அசையும். சான்றிதழ் வந்துவிட்டது.

ஆம்பூரில் ஒரு கல்யாண மண்டபத்தில், பட்டப்பகலில், ஜன்னல்களுக்குத் துணி கட்டித் திரையிட்டோம். தொழிலாளர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள், முன்வரிசையில் சாந்தி. அந்தக் காட்சி வந்ததும் நான் தலையைக் குனிந்துகொண்டேன். மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. ஆனால், நம்பினால் நம்புங்கள், கூட்டம் விசும்ப ஆரம்பித்தது. "கேளு சாந்தி, நல்லா கேளு!" என்று யாரோ கத்தினார்.

உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் என் பக்கத்தில் ஒரு பெண், திரைக்கு முதுகைக் காட்டிக் குழந்தையைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தவள், அவளும் கண்ணைத் துடைத்தாள்.

"இன்னாம்மா ஆச்சு?"

"காது கேக்கலியாண்ணா? உள்ள எறங்கச் சொன்னது யாரு, அத மட்டும் சொல்லுன்னு அந்தக்கா கேக்குது பாரு."

நான் வெட்டிய அதே வார்த்தைகள். மண்டபத்தில் எனக்கு மட்டும் எதுவும் கேட்கவில்லை.

படம் முடிந்ததும் சாந்தி வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நான் பேசுனத வெட்டிட்டாங்கன்னு சொன்னாங்கப்பா. நீ வெட்டாம வுட்டுட்ட. நல்லா இருப்ப."

ஆமாம் என்று தலையை ஆட்டினேன், ஐயா, தலையை ஆட்டினேன்.

போகும்போது திரும்பிப் பார்த்துக் கேட்டார்: "ஆமா, நான் பேசி முடிச்சதும் டைரக்டர் சார் உன்ன பேர் சொல்லிக் கூப்ட்டாரே, நீ ஏன் குனிஞ்சே ஒக்காந்துனு இருந்த?"

அந்தக் காட்சியை எடுத்தபோது நான் அந்த ஊரிலேயே இல்லை, ஒலிப்பதிவில் என் பெயர் இருக்க வழியே இல்லை. அந்த இடத்தை மட்டும் மறுபடி ஓட்டிப் பார்த்தேன், வெறும் மௌனம்தான். மனம் கேட்காமல், வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த அந்தக் குழந்தைக்காரப் பெண்ணிடமும் விசாரித்தேன்.

"ஆமாண்ணா, ஒரு ஆம்பள கொரலு. சார்லஸ், சார்லஸ்னு."

"கோவமாவா?"

"இல்லண்ணா," என்றாள். "கூட வேல செய்றவங்கள கூப்புடுவாங்களே, அப்படித்தான்."