பின்னுக்கு நின்று கத்துகிறவன்

முதல் பயிற்சி

டென்மார்க்கின் ஸ்கீவ ஊரில் வளர்ந்த நான், அதே யூலான்ட் பகுதியில் ஒரு கழகத்துக்குச் சம்பளத்துக்கு பாஸ்கட்போல் விளையாடப் போன முதல் நாள், கோச் லார்ஸ் என்னை அண்ணாந்து பார்த்தார்.

"பந்து எறிவியோ?"

"அவ்வளவா இல்லை."

"நல்லது. எறிய ஆக்கள் இருக்கினம். நீ கூடைக்குக் கீழை நில். ஒருத்தனையும் உள்ளை விடாதை. வாயை மட்டும் மூடாதை."

கடைசிக் கட்டளை போகப் போகத்தான் விளங்கியது. கூடைக்குக் கீழே நிற்கிற என்னைப் போன்ற சென்டர் எல்லாருக்கும் பின்னுக்கு நிற்பவன். முழு ஆட்டமும் அவன் கண்முன்னால் நடக்கும். முன்னால் பந்துக்காரனை மறிக்கிற கார்டுக்கு, தன் பக்கவாட்டில் எதிரணிக்காரன் ஒருவன் சுவர் மாதிரி வந்து நிற்பது தெரியாது. அதுதான் ஸ்கிரீன். அது இடப்பக்கமா வலப்பக்கமா என்று நான் கத்தவேண்டும். கத்தாவிட்டால் கார்ட் போய் மோதுவான்.

மாத்து

டேனிஷில்தான் கத்தினேன். எதிரணிக்கும் டேனிஷ் தெரியுமே! யார் யாரை மறிப்பது என்பதை மாற்றச் சொல்லி நான் வாய் திறந்தால், மாறுகிற இடைவெளிக்குள் அவர்கள் புகுந்துவிடுவார்கள். ஆங்கிலத்திலும் அதே கதைதான். ஒருநாள் எரிச்சலில் தமிழ் வந்துவிட்டது.

"மாத்து! மாத்தடா!"

எதிரணிக்காரன் திகைத்து நின்றான். எங்கள் கார்ட் ராஸ்மூஸும் திகைத்துத்தான் நின்றான். ஆனால் ஆட்டம் முடிந்ததும் அவன் என்னிடம் வந்தான்.

"அது என்ன சொல்? இன்னும் இருக்கோ?"

இடது, வலது, மாத்து, விடாதை. பஸ்ஸில் போகும்போது முழு அணியும் பாடமாக்கியது. லார்ஸின் வாயில் "விடாதை" கடைசிவரை "வீடாத்த" தான்.

குரல் போன நாள்

ஒரு பருவத்தின் முடிவில் புது மனேஜர் ஹென்ரிக் என்னைக் கூப்பிட்டார்.

"புள்ளி எடுக்கிற சென்டர் ஒருத்தனைத் தேடுறன். அரையிறுதியைப் பாத்திட்டு உன்னை அடுத்த வருசம் வைச்சிருக்கிறதோ எண்டு சொல்லுறன்."

மனைவி சுபா அப்போதுதான் கோல்டிங்கில் நல்ல வேலை ஒன்றில் சேர்ந்திருந்தாள். ஊர் மாற இருவருக்கும் மனமில்லை. அரையிறுதியன்று காலை எழும்பினால், என் தொண்டையிலிருந்து காற்றுத்தான் வந்தது. சுபா கொத்தமல்லி அவித்துத் தந்தாள். பலனில்லை.

ஆட்டம் தொடங்கியதும் ராஸ்மூஸ் ஸ்கிரீனில் மோதி விழுந்தான். எழும்பி மறுபடி விழுந்தான். டைம்அவுட் இடைவேளையில் நான் தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். லார்ஸ் பெஞ்சில் இருந்த மாற்று ஆட்டக்காரரைத் திரும்பிப் பார்த்தார்.

"நீ கையைத் தூக்கு. நாங்கள் கத்திறம்."

நான் இடக்கையைத் தூக்கினால் பெஞ்ச் முழுக்க "இடது!" என்றது. கோட் போட்ட லார்ஸ் முகம் சிவக்க "வீடாத்த!" என்று துள்ளினார். அதைக் கேட்டுச் சிரித்து விழுந்த சுபாவும், பார்வையாளர் பக்கம் இருந்த எங்கள் சனமும் சேர்ந்துகொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் டேனிஷ் பிள்ளைகளும் "மாத்து!" என்று கத்தத் தொடங்கினார்கள்.

கடைசிப் பந்து. ஒரு புள்ளி முன்னுக்கு நிற்கிறோம். வலக்கையைத் தூக்கினேன். ஹாலே "வலது!" என்று அதிர்ந்தது. ராஸ்மூஸ் ஸ்கிரீனைச் சுற்றி வந்து பந்துக்காரனின் வழியை அடைத்தான். பந்துக்காரன் உள்ளே திரும்பி என்னிடமே வந்தான். நான் துள்ளவில்லை. இரண்டு கையையும் நேராகத் தூக்கிக்கொண்டு நின்றேன். அவன் எறிந்த பந்து என் உள்ளங்கையில் பட்டு ராஸ்மூஸிடம் போனது. வென்றோம்.

ஹென்ரிக் கீழே இறங்கி வந்தார்.

"இண்டைக்கும் நீ ஒரு புள்ளியும் எடுக்கேல்லை."

ஓம் என்று தலையாட்டினேன்.

"ஆனா எல்லாரும் உன்ரை கையைப் பாத்துத்தான் விளையாடினவங்கள். அடுத்த வருசமும் இஞ்சை நில்."

முழங்கால் போதும் என்று சொல்லும்வரை அங்கேயே விளையாடினேன். இப்போது இளம் சென்டர்கள் என்னிடம் எறிகிற பந்தைத் துள்ளித் தட்டுவது, பிளாக் அடிப்பது எப்படி என்று கேட்கிறார்கள். துள்ளுவதைப் பிறகு பார்க்கலாம் என்பேன். அன்று என் கையை அத்தனை பேரும் நம்பியதற்குக் காரணம், அதற்கு முன்னர் நான் காணாத எதையும் கண்டதாகக் கத்தியதில்லை என்பதுதான். கண்டதைச் சொல்லுங்கள். நேரத்துக்குச் சொல்லுங்கள். சந்தேகமென்றால் பேசாமல் கூடையைக் காத்துக்கொண்டு நில்லுங்கள்.