விளம்பர நேரத்துத் தையல்

காசு கட்டித் தொடர் பார்ப்பவர்களைக் கண்டால் தையல்கடை அத்தைக்குச் சிரிப்பு. அவள் போனில் ஓடுவது இலவசச் செயலி. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விளம்பரம் வரும். அதுதான் அவளுக்கு வசதி. நிகழ்ச்சி ஓடும்போது வெள்ளை நூலில் கையால் ஓட்டுத்தையல் போடுவாள். விளம்பரம் வந்ததும் மெஷினை விரட்டி, அதே இடத்தில் கெட்டித்தையல் அடித்து வெள்ளை நூலை உருவிவிடுவாள்.

"விளம்பரமே இல்லேன்னா நான் எப்போ மெஷின் மிதிக்கிறது? அதுக்குக் காசு வேற அழணுமா?" என்பாள்.

அந்தச் சனிக்கிழமை பாட்டுப் போட்டியின் இறுதிச் சுற்று, நேரலை. பாடப்போனது எங்கள் தெரு கண்டக்டர் அக்கா. போட்டிருந்த நீல கவுன் அத்தை தைத்தது. போனை நூல்கண்டுகள்மேல் சாய்த்துவைத்து அத்தை, மாமா, நான் மூவரும் நெருக்கியடித்து உட்கார்ந்தோம்.

அக்கா மேடையேறினாள். கேமரா கிட்டே போனது. அத்தை துள்ளி எழுந்தாள்.

"ஐயையோ! இடது தோள்ல வெள்ளை நூல்! ஓட்டுத்தையலோட குடுத்துட்டேனே! அன்னிக்கு விளம்பரம் சட்டுனு முடிஞ்சுபோச்சு..."

பாட்டு உச்சத்துக்குப் போனால் அக்காவின் இடது கை தானாக மேலே போகும். ஓட்டுத்தையல் தாங்குமா?

பாட்டு தொடங்கியது. உடனே சோப்பு விளம்பரம்.

"போய் மெஷின் மிதியேன்," என்றார் மாமா.

"சும்மா இருங்க! ஏ வாயாடி, காசைக் கட்டுடி!"

வாயாடி நான்தான். அதிகம் பேசாததால் அத்தை வைத்த பெயர். படபடவென்று தட்டினேன். காசு கட்டக் கேட்ட ரகசிய எண் மாமாவின் போனுக்குப் போய்விட்டது.

"நாலு... அடுத்தது ஒண்ணா, ஏழா?" என்றார் மாமா.

"நெத்தியில இருக்கற கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்குங்க!" அத்தை கத்தினாள்.

"ஏழு! ஏழு!"

சோப்பு மறைந்தது. அக்காவின் குரல் ஏறிக்கொண்டிருந்தது. இடது கை மேலே, இன்னும் மேலே. அத்தை என் தோளை இறுகப் பிடித்தாள். வெள்ளை நூல் விறைத்தது. ஓரிழை விட்டது. மிச்சம் பிடித்துக்கொண்டது. கை இறங்கியது.

அத்தை அடித்த விசிலில் பக்கத்துக் கடைக்காரர் ஓடிவந்தார்.

"கட்டின காசு தகுமா?" மாமா சீண்டினார்.

"இந்த ஒரு கைக்குத் தகும். ஏ வாயாடி, அடுத்த மாசம் கட்டாதேடி."

"எவ்வளவு மார்க்கு?" என்றார் கடைக்காரர்.

"யாரு கண்டா? நான் தோளைத்தானே பார்த்துட்டிருந்தேன்!"