யார் கழுத்தில் கொடி

நானும் அண்ணனும் இரட்டையர். ஒரே முகம், ஒரே குரல். எங்களில் ஒருவன் கழுத்தில் தொப்புள்கொடி சுற்றிப் பிறந்தான். எவன் என்று அம்மாவுக்குத் தெரியாது. பிரசவம் பார்த்த ரப்பர் தோட்டத்து ஆயா அடையாளம் வைக்காமல் இருவரையும் குளிப்பாட்டிவிட்டாள். மூத்தவன் யார் என்பதும் பிறகு அம்மா வைத்ததுதான்.

கொடி சுற்றிப் பிறந்த பிள்ளை தாய்மாமனுக்கு ஆகாது என்பார்கள். மாமன் முதலில் எண்ணெயில்தான் அதன் முகத்தைப் பார்க்க வேண்டும். நல்லெண்ணெய்க் கிண்ணத்துக்கு மேல் எங்களைக் காட்டியபோது அண்ணன் வீறிட்டு அழுதானாம். "இவன்தான்" என்று மாமா முடிவு செய்துவிட்டார்.

அப்பா இல்லாததால் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றான மாமாவின் வீட்டில்தான் வளர்ந்தோம். மாமாவுக்குக் காய்ச்சல் வந்தால் அண்ணனுக்கு அடி. சைக்கிள் சறுக்கினால் அடி. தோளில் ரப்பர் பால் வாளி தூக்கும் காண்டாக் கம்பால் அடிப்பார். முதுகுத் தோல் பிய்ந்து சட்டையோடு ஒட்டிக்கொள்ளும். அம்மா வெந்நீர் விட்டு உரிப்பாள். எனக்கு அடி கிடையாது. நான் ஓரமாக நின்று பார்ப்பேன்.

பதினொரு வயதில் ஒரு நாள் அண்ணனின் சட்டையைப் போட்டிருந்தேன். பால் வெட்டும்போது விரலை அறுத்துக்கொண்டு வந்த மாமா, அவன் என்று நினைத்து என்னை அடித்தார். ஒரே அடி. தோள் எலும்பு விரிசல் விட்டது. நான் அழவில்லை. பால் வெட்டும் கத்தியை எடுத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றேன். அவர் வந்தால் வயிற்றில் இறக்குவதுதான் எண்ணம். அண்ணன்தான் என் விரல்களைப் பிரித்துக் கத்தியைப் பிடுங்கினான்.

"வேணாம்டா. எனக்குப் பழகிருச்சு."

தோட்டத்தை வீடு கட்ட விற்றுவிட்டார்கள். ஈப்போ டவுனில் அடுக்குமாடி வீட்டுக்கு வந்தோம். எனக்கு டயர் கடையில் வேலை. முப்பது வயதிலும் மாமா அடித்தார், அண்ணன் வாங்கிக்கொண்டான். ஒரு மாலை மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து நொண்டிக்கொண்டு வந்தவர், ஹெல்மெட்டால் அவன் வாயில் அடித்தார். இரண்டு பற்கள் தரையில் விழுந்தன. அண்ணன் அடுப்படிக்குப் போய் இறைச்சி வெட்டும் கத்தியோடு வந்தான். மூன்று வெட்டு. மாமாவின் வலது கை மணிக்கட்டில் தொங்கியது. சுவரெல்லாம் ரத்தம்.

கோர்ட்டில் மாமா நீதிபதியிடம் சொன்னார்: "பொறக்கும்போதே அப்படி, துவான். ரத்தத்திலேயே இருக்கு." அண்ணன் ஒன்றும் பேசவில்லை. வீட்டில் அவனை யாராவது அடித்தார்களா என்று என்னைக் கேட்டார்கள். நான் ஆறாம் வகுப்பு வரைதான் படித்தவன். நாலு பேர் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் அன்று வாயை அடைத்தது கூச்சம் இல்லை.

"தெரியாது" என்றேன்.

பத்து வருடத்துக்கு மேல் உள்ளே இருந்தான். போன வருடம் வெளியே வந்தபோது சிறை வாசலில் அவன் முதலில் கேட்டது அதைத்தான்.

"ஏன்டா கோர்ட்டுல வாயத் தொறக்கல?"

"அடிச்சதச் சொன்னா ஏன் அடிச்சாருன்னு கேப்பாங்க, அண்ணே. நீ அழுதத வச்சுதான் மாமா முடிவு பண்ணாரு, கொடி யாரு கழுத்துலன்னு நெசமா யாருக்கும் தெரியாதுன்னு பேச்சு வரும். அப்புறம் மாமாவுக்குச் சந்தேகம் வந்து என்னையதானே அடிப்பாரு."

பளீரென்று அறைந்தான். உதடு கிழிந்தது.

"ஒரு அடிக்கே கத்திய எடுத்தவன்டா நீ! நான் முப்பது வருசம் தாங்கினேன்லா." மூச்சு வாங்கினான். "வா. அவருகிட்ட சொல்லு. இன்னிக்கே."

வீட்டில் மாமா நாற்காலியில் உட்கார்ந்து இடது கையால் சோறு தின்றுகொண்டிருந்தார். அண்ணனைக் கண்டதும் தட்டைக் கீழே வைத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கொடி என் கழுத்திலும் இருந்திருக்கலாம் என்பது, கத்தியோடு கதவுக்குப் பின்னால் நின்றது, எல்லாம். சொல்லி முடிக்கும்வரை அண்ணன் வாசலை விட்டு நகரவில்லை.

மாமா இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என் பக்கமிருந்து நாற்காலியை மெல்லப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.