வெள்ளிக்கிழமைக் குப்பி

கொஞ்ச நாளைக்கு முன்பு ஒரு வெள்ளிக்கிழமை. தலைக்குக் குளித்துவிட்டு, கொண்டை போடலாம் என்று கையைத் தூக்கினேன். தோள் வரைக்கும் வந்த கை, அதற்கு மேல் வரமாட்டேன் என்றது.

கை மட்டுமா? முதுகு, தொடை, கெண்டைக்கால்... எல்லாம் விறைத்துக் கிடந்தது. உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். எழுந்துவிட்டால் உட்கார ஆள் வேண்டும்.

பார்த்துக்கொண்டிருந்த மருமகள் கலா வந்து கொண்டையை முடிந்துவிட்டாள்.

“இன்னா அத்த, ரோபோ மாதிரி நடக்குறீங்க? வாங்க, டாக்டர்கிட்ட போலாம்.”

“அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா.”

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிற உங்களுக்குத்தான் என்னைத் தெரியுமே. படித்தது அஞ்சாம் வகுப்பு என்றாலும், எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன். வாயைத் திறந்து சொல்வதென்றால்தான் கூச்சம்!

ஒரு விஷயம் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். அந்த விறைப்பு எனக்குப் பழைய சிநேகிதியைப் பார்த்த மாதிரி இருந்தது.

கல்யாணமாகி புதுச்சேரிப் பக்கம் இந்தப் பாகூருக்கு வந்த புதுசு. அம்மா வீட்டில் கரும்புதான், சேற்றில் குனிந்து பழக்கமில்லை. இங்கே வந்ததும் முதல் நடவு. ஒரு நாள் முழுக்கக் குனிந்தேன்... மறுநாள் காலையில் பாயைவிட்டு எழுந்திருக்க முடியவில்லை. புதுப்பெண், மாமியாரிடம் போய் கால் வலிக்கிறது என்று சொல்ல முடியுமா? சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

கண்டுபிடித்தது ஒரே ஒரு ஆள். என் கடைசி நாத்தனார் செல்வி. அப்போது பாவாடை கட்டிய சின்னப் பெண்.

“அண்ணி, குப்புறப் படுங்க” என்றாள். சுவரில் கையை ஊன்றிக்கொண்டு என் கெண்டைக்கால் மேல் ஏறி நின்றாள். அப்படியே தொடை வரைக்கும் மெதுவாக மிதித்துக்கொண்டு போனாள்.

“வலிக்குதா அண்ணி?”

“வலிக்குது.”

“நல்ல வலியா, கெட்ட வலியா?”

“நல்ல வலிதான்டி... மிதி.”

கூலி, ஒரு கை பொட்டுக்கடலையும் வெல்லமும். அந்த நடவு முடியும்வரை தினமும் சாயங்காலம் மிதித்தாள். வயலுக்குப் போனால் எல்லாப் பெண்களும் என்னைப் போலவே காலை அகட்டி வைத்துத்தான் நடப்பார்கள். “யாருடி அது, வாத்துக் கூட்டமா?” என்று ஒருத்தி ஆரம்பிப்பாள். அதோடு சரி, சிரித்துச் சிரித்தே வரப்பு தாண்டுவோம். வெயில் முதுகில் இறங்கும். யார் கண்டது, அப்போது உள்ளே போனது வைட்டமின் என்று!

அந்த வலி எங்கிருந்து வந்தது என்று தெரியும். இது எங்கிருந்து வந்தது?

கடைசியில் கலாதான் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனாள். டாக்டரம்மா சின்ன வயசு, நல்ல பெண். கையை மடக்கி, நீட்டிப் பார்த்தார்.

“வேற ஏதாச்சும் மாத்திரை, மருந்து சாப்பிடுறீங்களாம்மா?”

“இல்லம்மா” என்றேன்.

ஓயாமல் தாகம் எடுப்பதையும் சொல்லவில்லை. சரியாக வெளிக்குப் போகாததையும் சொல்லவில்லை. கலா பக்கத்தில் நிற்கிறாள், எப்படிச் சொல்வது? தைலம் எழுதிக் கொடுத்தார். தடவினேன். தாகம் ஏறியது, வாந்தி வருகிற மாதிரி இருந்தது, விறைப்பு மட்டும் அப்படியே.

இப்படி இருக்கும்போது செல்வி வீடியோ காலில் வந்தாள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு பிரான்சுக்குப் போனவள். இப்போது அவளுக்கே பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். போன தடவை வந்தபோது எனக்கென்று சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகள் கொண்டுவந்திருந்தாள். “எங்க ஊர்ல வெயிலே கெடையாது அண்ணி. எலும்புக்கு இதத்தான் குடுப்பாங்க. அளவா குடிங்க” என்றாள். அட்டைப் பெட்டியில் எல்லாம் பிரெஞ்சு.

அளவு என்றால் எவ்வளவு? கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இரண்டு முனையையும் ஒடித்துக் கவிழ்த்தால் உள்ளே இருப்பது எண்ணெய். எண்ணெய் என்றால் நமக்கு எந்த நாள்? வெள்ளிக்கிழமை! தலைக்கு ஒரு எண்ணெய், வயிற்றுக்கு ஒரு எண்ணெய் என்று நானே ஒரு முறை வகுத்துக்கொண்டேன். வெள்ளி தவறாமல் குடித்தேன்.

“குப்பி இருக்குதா அண்ணி?” என்றாள் செல்வி.

“தீந்து போச்சு. வரும்போது கொண்டா.”

போனில் அவள் முகம் அப்படியே நின்றுவிட்டது. சிக்னல் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

“இன்னா அண்ணி சொல்றீங்க? அது மூணு மாசத்துக்கு ஒண்ணு! ரெண்டு வருஷத்துக்குன்னு வெச்சிட்டு வந்தேன்...”

பின்னாலிருந்து கலா போனைப் பிடுங்கினாள். அன்றைக்கே ரத்தப் பரிசோதனை. குப்பியில் இருந்தது வைட்டமின் டியாம். ரத்தத்தில் அது எக்கச்சக்கம், கால்சியமும் ஏறியிருந்தது.

“அன்னைக்கே கேட்டேனேம்மா?” என்றார் டாக்டரம்மா.

“அது மருந்துன்னு நெனைக்கலம்மா. நாத்தனார் குடுத்தது.”

அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். “விறைப்பு முழுக்க இதாலதான்னு அடிச்சிச் சொல்ல மாட்டேன், வயசும் இருக்கு. ஆனா அளவு மீறினா இப்படியும் ஆகலாம். இதே மாதிரி போனா கிட்னி கெட்டுடும்மா. இப்பவே அதுல சின்ன மாத்தம் தெரியுது. சரியாகுதான்னு பாக்கணும்.” பெட்டில் படுக்கவைத்து சலைன் ஏற்றினார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு அடுத்த பரிசோதனை வரைக்கும் காத்திருந்தோமே, அந்த நாட்கள் முழுக்கக் கவலைதான். எனக்காக இல்லை. செல்விக்காக. காலையும் சாயங்காலமும் போன் செய்து அழுதாள்.

“என் கையால வெஷத்த குடுத்துட்டேனே அண்ணி. உங்களுக்கு ஒண்ணு ஆச்சின்னா நான் எப்படி அந்த வூட்டு வாசப்படி மிதிப்பேன்?”

“நீ குடுத்தது நல்லதுதான்டி. நாந்தான் கேக்கல” என்றேன். நம்பவில்லை. அவளுக்காகவாவது என் கிட்னி ஒழுங்காக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

இந்த முறை டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தாகம், வெளிக்குப் போகிற சங்கதி... எல்லாம். கலாவை மட்டும் வெளியே நிற்கச் சொன்னேன், அவ்வளவுதான்.

நம் வீடுகளைப் பாருங்கள். மாத்திரை என்றால் பயப்படுகிறோம். வைட்டமின் என்றால் பயமே இல்லை, பொரியல் மாதிரி இன்னொரு கரண்டி வைத்துக்கொள்கிறோம். நல்லது கொஞ்சமாக இருந்தால் நல்லது, நிறைய இருந்தால் ரொம்ப நல்லது — இந்தக் கணக்கை நமக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? பாசமாகக் கொடுத்ததற்கும் ஒரு அளவு உண்டு என்று எனக்கு இந்த வயசில்தான் தெரிகிறது.

போன வாரம் ரிசல்ட் வந்தது. கால்சியம் இறங்கிவிட்டது, கிட்னிக்குச் சேதம் இல்லை. கை காது வரைக்கும் போகிறது, மீதியும் போகும் என்கிறார்கள். செல்விக்குப் போன் போட்டுச் சொன்னேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள்:

“பொங்கலுக்கு வரேன் அண்ணி. இனிமே மருந்து மாத்திர எதுவும் கொண்டார மாட்டேன். சாக்லேட்டு மட்டும்தான்.”

“சரி கொண்டா. எத்தினி நாளைக்கு ஒண்ணு சாப்புடணும்?”

செல்வி விழுந்து விழுந்து சிரித்தாள்.

எதற்குச் சிரித்தாளோ... நான் நிஜமாகத்தான் கேட்டேன்!