ஜீனத் அக்கா வீட்டு மொட்டைமாடி சோலார்

பேட்டரி ஆசிட் வாசனை தெரியுமா உங்களுக்கு? புளிப்பும் இரும்பும் கலந்த மாதிரி ஒரு நெடி...

2012-இல் என் சுடிதார், ஹேண்ட்பேக், டிபன் பாக்ஸ் எல்லாவற்றிலும் அந்த நெடிதான். துப்பட்டாவில் பொடிப்பொடியாக ஓட்டைகள். கடலூரிலிருந்து சிதம்பரம் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு வேறு சீட்டுக்குப் போய்விடுவார்கள். எனக்கு அதில் நஷ்டம் ஒன்றுமில்லை, காலை நீட்டிக்கொண்டு போகலாம்.

டிப்ளமோ எலக்ட்ரிகல் முடித்ததும் சிதம்பரத்தில் ஒரு இன்வெர்ட்டர் கடையில் முதல் வேலை. அது கரண்ட் கட் உச்சத்தில் இருந்த வருஷம். ஒரு மணி நேரம் இருக்கும், ஒரு மணி நேரம் போகும். இன்வெர்ட்டர் வாங்கியவர்களுக்கும் நிம்மதி இல்லை. பேட்டரி பாதி ஏறுவதற்குள் கரண்ட் போய்விடும்... பாதியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நான் முதலாளி ஆரோக்கியம் சாரை நச்சரிக்க ஆரம்பித்தேன். பேட்டரியை வெயிலில் ஏற்றலாம் சார், சோலார் போடலாம் சார் என்று தினமும் ஒரே பாட்டு. கடைசியில் தலையைச் சொறிந்துகொண்டே ஒத்துக்கொண்டார்.

"ஒரே ஒரு வீடு பண்ணு. அது ஓடலைன்னா சோலார் பேச்சே இந்தக் கடைல இருக்கக் கூடாது. நீ பழையபடி பேட்டரிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு இரு. சரியா?"

அந்த ஒரே வீடு லால்பேட்டை ஜீனத் அக்கா வீடு. வீட்டிலேயே தையல் கடை, மோட்டார் வைத்த மிஷின்கள், கூட நாலு பெண்கள். ரம்ஜான் ஆர்டர் மலை மாதிரி குவிந்து கிடந்தது. கரண்டை நம்பினால் பெருநாளுக்கு லால்பேட்டையில் பாதிப் பேருக்குப் புதுத்துணி இருக்காது. தன் சம்பாத்தியத்தில் துணிந்து வாங்கினார்.

மாட்டிக் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடும்போது வாசலிலிருந்தே சொன்னேன். "விலை ஜாஸ்தி அக்கா, பத்திரமா பாத்துக்குங்க."

அவ்வளவுதான் என் டெமோ.

ஒரு வாரத்தில் போன். "அமுதா, பேட்டரி ஏறவே மாட்டேங்குதும்மா. பெருநாளைக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்குது. சொன்ன டைமுக்குத் துணி கொடுக்கலைன்னா அடுத்த வருஷம் என்னைய யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க."

அடுத்த பஸ்ஸில் போய் இறங்கினேன். பேட்டரித் தண்ணீர் சரி. டெர்மினல் சரி. ஃபியூஸ் சரி. ஒரு மணி நேரம் வியர்க்க விறுவிறுக்கத் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை. மிச்சமிருந்தது மாடிதான்.

ஏறிப் பார்த்தேன். நல்ல உச்சி வெயில். பேனல் ரெண்டும் வயலட் சாட்டின் உறை போட்டுக்கொண்டு ஒய்யாரமாகச் சாய்ந்திருந்தன. ஓரமெல்லாம் ஃப்ரில், நாலு மூலையிலும் எலாஸ்டிக். கீழே டிவிக்கும் மிக்ஸிக்கும் தைத்துப் போட்டிருந்த அதே துணி. சும்மா சொல்லக் கூடாது, ஃபிட்டிங் அருமை.

"என்னாக்கா இது?"

"நீதானம்மா பத்திரமா பாத்துக்கச் சொன்ன? காலைல வெயில் இதமா இருக்குது, விட்டுடுவேன். பத்து மணிக்கு மேல கண்ணாடி நெருப்பா கொதிக்குது. விரிசல் உட்டா என்னா பண்றது? அதான் மூடிடுவேன். நாலு மணிக்கு எடுத்துடுவேன்."

மாடியிலேயே உட்கார்ந்து சிரித்துவிட்டேன். எனக்குப் புரையேறி, கண்ணில் தண்ணீர் வந்து, பிறகு விஷயத்தைச் சொன்னதும் அக்காவுக்கும் சிரிப்பு தாங்கவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். முந்தானையை எடுத்தபோது சிரிப்பு போயிருந்தது.

"ஒங்க மொதலாளிகிட்ட சொல்லிடாதம்மா. ஊரே சிரிக்கும். நாலு பொம்பளைங்க என்னைய நம்பி வேலைக்கு வர்றாங்க."

சொல்ல மாட்டேன் என்றேன். சோறு போட்டு உட்கார வைத்தார். தயங்கியபோது, "நோன்பு எனக்குத்தான், ஒனக்கில்ல, சாப்புடு" என்றார்.

கடைக்கு வந்து, வயரிங்கில் நான் செய்த தப்பு சார் என்றேன். கஸ்டமர்கள் நாலு பேர் நிற்கும்போதே வாங்கு வாங்கென்று வாங்கினார் ஆரோக்கியம் சார். "இதுல சோலார் வேற கேக்குது ஒனக்கு." அவமானமாகத்தான் இருந்தது, மறைப்பானேன். முதல் வேலையில் முதல் கெட்ட பெயர் அல்லவா. உண்மை நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

பெருநாள் முடிந்த மறுவாரம் ஜீனத் அக்கா கடைக்கே வந்தார். ஒரு துணிகூட பாக்கியில்லாமல் தைத்துக் கொடுத்துவிட்டாராம். கூடவே தங்கச்சி, அவருக்கும் அதே மாதிரி சோலார் வேண்டுமாம். இந்தப் பெண் இனி வயரிங்கில் சொதப்பாது என்று சார் சமாதானம் சொல்லப் போக, அக்கா அவரை நிறுத்திவிட்டு, உறை தைத்த கதையை முதலிலிருந்து கடைசி வரை கவுன்டரில் நின்று தானே சொன்னார்.

"என்னால இந்தப் புள்ள ஏன் கெட்ட பேரு வாங்கணும் சார்?"

சார் வெகு நேரம் சிரித்தார். அப்புறம் என்னைப் பார்த்து, ஆர்டர் புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். அன்றிலிருந்து கடையில் சோலார் ஆர்டர் எல்லாம் என் பொறுப்பு.

இப்போது சென்னையில் இருக்கிறேன். வீடுகளுக்கு ரூஃப்டாப் சோலார், லித்தியம் பேட்டரி. ஆசிட் நெடி இல்லை, துப்பட்டாவில் ஓட்டை இல்லை. எந்த வீட்டு மாடியில் எத்தனை மணிக்கு எவ்வளவு யூனிட் என்று ஆப் சொல்லிவிடும். அன்று இது இருந்திருந்தால் என் பொய் ஒரு நிமிஷம் நின்றிருக்காது... பத்திலிருந்து நாலு வரை தரையோடு தரையாகக் கோடு போட்டுக் காட்டிக் கொடுத்திருக்கும்.

போன வாரம் என் டீமில் இருக்கும் திவ்யா ஒரு வீட்டுக்கு சர்வீஸ் போய்விட்டு வந்து, "செட்டிங் நான்தான் மேடம் தப்பா வெச்சுட்டேன்" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். எதிரே லேப்டாப்பில் அந்த வீட்டு கிராஃப் திறந்திருந்தது. செட்டிங்கில் ஒரு தப்பும் இல்லை. அந்த வீட்டில் யாரோ தினமும் மத்தியானம் சோலார் ஸ்விட்சை அணைத்து வைத்திருக்கிறார்கள்.

லேப்டாப்பை மூடினேன்.

"சரி... சாப்பிட்டியா?" என்றேன்.